ஈ.சி.யூவா, ஈ.சி.எம்மா, பி.சி.எம்மா: எதை வாங்குவது?

களுவாஞ்சிக்குடியில் இருந்து வந்த கேள்வியின் சுருக்கம் இது. அவரிடம் 2008ஆம் ஆண்டின் டொயோட்டா அக்ஸியோ ஒன்று இருக்கிறது. மார்கழி மழை விட்ட ஒரு காலையில் ஸ்டார்ட்டர் சுழல்கிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. திறப்பைத் திருப்பினால் வழக்கமாக எரிய வேண்டிய செக் என்ஜின் விளக்கும் எரியவில்லை. வந்து பார்த்த மெக்கானிக் "ஈ.சி.யூ போய்விட்டது" என்றார். கல்முனையில் ஸ்கேன் செய்தபோது கிடைத்த தாளில் "யூ0100, ஈ.சி.எம் அல்லது பி.சி.எம் உடன் தொடர்பு இல்லை" என்று இருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உள்ள ஒரு கடைக்குத் தொலைபேசியில் கேட்டால், பி.சி.எம் இருக்கிறது என்று ஒரு விலையைச் சொல்லிவிட்டு, அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்து, அது வேறு பி.சி.எம், நீங்கள் கேட்பது இன்னொன்று என்று வேறொரு விலையைச் சொன்னார்களாம். இவை எல்லாம் ஒன்றா, வெவ்வேறா, எதை வாங்குவது என்பதே அவருடைய கேள்வி.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக் சொன்ன ஈ.சி.யூவும், ஸ்கேன் தாளில் உள்ள ஈ.சி.எம்மும், அதே தாளில் உள்ள பி.சி.எம்மும் உங்கள் காரில் ஒரே பெட்டிதான், என்ஜினை ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. கடைக்காரர் சொன்ன இரண்டு பி.சி.எம்களில் ஒன்று மட்டுமே அந்தப் பெட்டி; மற்றது வேறு வேலைக்கானது. ஆனால் நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், இப்போதைக்கு எந்தப் பெட்டியையும் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஏன் என்பதற்கு இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கார்களில் மின்னணுக் கட்டுப்பாடு வந்த தொடக்க காலத்தில் ஒரு வாகனத்தில் ஒரு பெட்டிதான் இருந்தது. பொஷ் நிறுவனம் 1979இல் பி.எம்.டபிள்யூ காரில் அறிமுகப்படுத்திய மோட்ரோனிக் அமைப்பு, எரிபொருள் தெளிப்பையும் தீப்பொறி நேரத்தையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் ஈ.சி.யூ என்றால் என்ஜின் கொன்ட்ரோல் யூனிட் என்றே எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள். பிறகு பிரேக், எயார்பேக், ஸ்டியரிங், கதவுப் பூட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி வந்து சேர்ந்தபோது, அதே மூன்று எழுத்துகள் எலெக்ட்ரோனிக் கொன்ட்ரோல் யூனிட் என்று பொதுப்பெயராக விரிந்தன. இன்று பொறியியல் நூல்களில் ஈ.சி.யூ என்றால் காரில் உள்ள எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியும்தான், கராஜில் ஈ.சி.யூ என்றால் இன்னும் என்ஜின் பெட்டி மட்டுமே. இரண்டும் பிழையில்லை. ஆனால் "ஈ.சி.யூ பழுது" என்று ஒருவர் எழுதித் தந்தால், எந்த ஈ.சி.யூ என்று கேட்காமல் அந்தத் தாளை மடித்துப் பையில் வைக்கக் கூடாது.

இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கம் ஜே1930 என்ற தரநிலையில் பெயர்களை வகுத்து வைத்தது. என்ஜினை மட்டும் ஆளும் பெட்டி ஈ.சி.எம், கியர் பொக்ஸை மட்டும் ஆளும் பெட்டி ரி.சி.எம், இரண்டையும் சேர்த்து ஆளும் பெட்டி பி.சி.எம், அதாவது பவர்ட்ரெயின் கொன்ட்ரோல் மொடியூல். 1996ஆம் மாதிரி ஆண்டிலிருந்து அமெரிக்காவில் ஓ.பி.டி 2 என்ற, கார் தன் குறைகளைத் தானே கண்டு பதியும் முறை கட்டாயமானபோது, குறைக்குறியீடுகளின் விளக்கங்களும் இந்தப் பெயர்களிலேயே எழுதப்பட்டன. ஒரே குறியீடு எல்லா நிறுவனங்களின் கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால்தான், உங்கள் தாளில் "ஈ.சி.எம் அல்லது பி.சி.எம்" என்று இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது. உங்கள் காரில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன என்பது அதன் பொருளல்ல. இரண்டில் எது இருக்கிறதோ அது என்பதே பொருள்.

தரநிலை இருந்தும் நிறுவனங்கள் தங்கள் வழக்கத்தை விடவில்லை. ஹொண்டா நிறுவனம் கையால் கியர் மாற்றும் காரில் உள்ளதை ஈ.சி.எம் என்றும், ஓட்டோ கியர் காரில் உள்ளதைப் பி.சி.எம் என்றும் பிரித்து எழுதும். டொயோட்டாவின் பல கார்களில் என்ஜினையும் ஓட்டோ கியரையும் ஒரே பெட்டி ஆள்கிறது. தரநிலைப்படி அது பி.சி.எம் ஆக இருக்க வேண்டும், ஆனால் டொயோட்டாவின் திருத்தக் கையேடு அதை ஈ.சி.எம் என்றே சொல்லும். அதே நிறுவனத்தின் உதிரிப்பாகப் பட்டியலைத் திறந்தால் அங்கே "கம்பியூட்டர், என்ஜின் கொன்ட்ரோல்" என்று இருக்கும். நமது கராஜ்களில் வயதான பாஸ்மார் "கம்பியூட்டர் பெட்டி" என்று சொல்வதைக் கேட்டுச் சிரிக்கும் இளையவர்கள் இதைக் கவனிக்கலாம். பி.எம்.டபிள்யூ பெற்றோல் என்ஜினின் பெட்டியை டி.எம்.ஈ என்றும் டீசல் என்ஜினின் பெட்டியை டி.டி.ஈ என்றும் அழைக்கிறது.

நமது பகுதியில் இந்தக் குழப்பம் கூடுதலாக இருப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்டு, பின்னர் ரீகண்டிஷனாக இங்கே வந்தவை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாள் ஜப்பானிய மொழியில் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் கையேடு அமெரிக்க மாதிரிக்கு எழுதப்பட்டிருக்கும். ஸ்கேனரின் பட்டியலில் அதைச் செய்தவர் தமக்குப் பிடித்த பெயர்களைப் போட்டிருப்பார். பழுது பார்ப்பவர் வளைகுடா நாட்டுப் பட்டறையில் கற்ற பெயரைச் சொல்வார். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்ததால், பழைய கார்களைக் கழற்றிய பெட்டிகளால் ஓட்டும் வழக்கமும் பெருகிவிட்டது. ஆகவே ஒரு பெட்டிக்கு நான்கு பெயர்கள் புழங்குவதில் வியப்பில்லை.

இனி அந்த இரண்டு பி.சி.எம்களின் கதைக்கு வருவோம். ஆங்கிலத்தில் இவை முதல் எழுத்தால் வேறுபடும் இரண்டு பெயர்கள். தமிழில் நாம் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம்; தொலைபேசியில் கேட்கும்போதும் வேறுபாடு தெரிவதில்லை. ஒன்று மேலே சொன்ன பவர்ட்ரெயின் பெட்டி. மற்றது பொடி கொன்ட்ரோல் மொடியூல், அதாவது விளக்குகள், வைப்பர், கதவுப் பூட்டு, கண்ணாடி ஏற்றி இறக்கி, சில கார்களில் திறப்பை அடையாளம் காண்பது போன்ற உடற்பகுதி வேலைகளை ஆளும் பெட்டி. கடைக்காரர் முதலில் ஒன்றை நினைத்து விலை சொல்லி, பிறகு மற்றதை நினைத்துத் திருத்தியிருக்கிறார். அவர் ஏமாற்ற முயன்றார் என்று நான் கருதவில்லை. குறைக்குறியீடுகளிலும் இதே சிக்கல் உண்டு. என்ஜின் மற்றும் கியர் தொடர்பானவையும், எயார்பேக் உள்ளிட்ட உடற்பகுதி தொடர்பானவையும் நமது உச்சரிப்பில் "பி" என்றே தொடங்கும். இலக்கம் ஒன்றாக இருந்தாலும் குறை முற்றிலும் வேறாக இருக்கும். வாயால் சொல்லும்போது "பவர்ட்ரெயின் பி", "பொடி பி" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதைவிடத் தாளைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவதே பாதுகாப்பு.

உடற்பகுதிப் பெட்டிக்கும் பெயர்கள் பல. மிட்சுபிஷி அதை ஈட்டாக்ஸ் என்கிறது, ஹொண்டா எம்.ஐ.சி.யூ என்கிறது, பெஜோ, சிட்ரோன் கார்களில் அது பி.எஸ்.ஐ. பிரேக் பெட்டியைப் பெரும்பாலோர் ஏ.பி.எஸ் மொடியூல் என்பார்கள், டொயோட்டா கையேட்டில் அது ஸ்கிட் கொன்ட்ரோல் ஈ.சி.யூ. இவற்றில் மனப்பாடம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

எயார்பேக் பெட்டியைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. டொயோட்டா இதை எயார்பேக் சென்சர் அசெம்பிளி என்று பட்டியலிடுகிறது. பெயரில் சென்சர் என்று இருப்பதால், பம்பர் பக்கத்தில் இருக்கும் சிறிய மோதல் சென்சர் என்று நினைத்து அதை வாங்கிவிடுகிறார்கள். உண்மையில் இது காரின் நடுவில், கியர் லீவர் இருக்கும் கொன்சோலின் கீழே தரையோடு பொருத்தப்பட்டிருக்கும் முழுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. விபத்தில் எயார்பேக் வெடித்த பின் மோதல் பதிவு இதற்குள் தங்கிவிடும். அப்படி வெடித்த காரில் இருந்து கழற்றிய பெட்டியை, வெளியே கீறல் இல்லை என்பதற்காகக் குறைந்த விலைக்கு வாங்கிப் பொருத்துவது உயிரோடு விளையாடும் வேலை. கிட்டங்கிப் பாலத்தின் மேலாக வெள்ளம் பாயும் நாட்களில் துணிந்து காரை இறக்குபவர்களுக்கு இன்னொரு செய்தி: தண்ணீர் முதலில் எட்டும் இடங்களில் இந்தக் கொன்சோல் அடியும் ஒன்று. லித்தியம் பற்றரி உள்ள வாகன் ஆர் வைத்திருப்பவர்களுக்கு, அந்தச் சிறிய பற்றரியும் முன் இருக்கையின் அடியிலேயே இருக்கிறது.

ஸ்கேன் தாளை வாசிப்பதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தாளில் ஒரு பெட்டியின் பெயர் இருந்தால் அந்தப் பெட்டி பழுது என்று எடுத்துக்கொள்கிறார்கள். குறியீட்டைப் பதிவு செய்த பெட்டி வேறு, குறியீட்டில் பெயர் சொல்லப்படும் பெட்டி வேறு, பழுதான பொருள் வேறு. இவை மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நிசான் போன்ற கார்களில் கியர் பெட்டி தனியாக இருக்கும்போது, கியரில் குறை வந்தால் ரி.சி.எம் தன்னிடம் உண்மையான குறியீட்டை வைத்துக்கொண்டு, செக் என்ஜின் விளக்கை எரியவிடும்படி ஈ.சி.எம்முக்குச் சொல்லும். ஈ.சி.எம் அந்த வேண்டுகோளைப் பவர்ட்ரெயின் பி0700 என்று பதிவு செய்யும். மலிவான ஈ.எல்.எம் 327 புளூடூத் கருவி பெரும்பாலும் இந்தப் பி0700ஐ மட்டும் காட்டி நின்றுவிடும். அதைப் பார்த்து ஈ.சி.எம்மில்தான் குறை என்று சொல்பவர், ரி.சி.எம்முக்குள் போய் வாசிக்கக்கூடிய ஸ்கேனரைப் பயன்படுத்தவில்லை என்றுதான் பொருள்.

உங்களுக்கு வந்த யூ0100 இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. யூ என்று தொடங்குபவை தொடர்பு வலை சார்ந்தவை. காரின் பெட்டிகள் கேன் என்ற இரு வயர் வலையில் ஒன்றோடு ஒன்று பேசுகின்றன. பொஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட முறை இது. என்ஜின் பெட்டியிடமிருந்து குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால், ஏ.பி.எஸ் போன்ற மற்றப் பெட்டிகள் யூ0100 என்று எழுதிவைக்கும். பள்ளிக்கூட இடாப்பில் வரவில்லை என்று குறிக்கப்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாம் முடிவு கட்டுவதில்லை. பஸ் வராமலும் இருந்திருக்கலாம். என்ஜின் பெட்டிக்கு மின்சாரம் போகாவிட்டாலும், அதன் ஏர்த் வயர் விட்டுப்போனாலும், கேன் வயர் அறுந்தாலும், பெட்டி உண்மையாகவே செத்தாலும் வெளியே இருந்து பார்க்கும் ஏ.பி.எஸ் பெட்டிக்கு எல்லாம் ஒரே மௌனம்தான். பெட்டியின் உள்ளே செயலி கெட்டால் அதைச் சொல்வதற்குப் பி0606 போன்ற தனிக் குறியீடுகள் இருக்கின்றன. உங்கள் தாளில் அது இல்லை.

என்ஜின் பெட்டி கெடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2010இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் 2005 முதல் 2008 வரையான கொரோல்லா, மேட்ரிக்ஸ் கார்கள் பத்து இலட்சத்துக்கும் மேலானவற்றைத் திருப்பி அழைத்தது, ஈ.சி.எம்முக்குள் இருந்த ஈயப் பற்று (சோல்டர்) இணைப்புகளில் வெடிப்பு ஏற்படலாம் என்பதற்காகவே. பற்றரியை மாற்றித் தலைகீழாகக் கொடுத்தாலோ, பற்றரியைக் கழற்றாமல் சேசிஸில் வெல்டிங் செய்தாலோ நல்ல பெட்டியும் போகும். ஆனால் கடற்காற்றும் உப்பும் ஈரமும் உள்ள நமது கரையோரத்தில், பெட்டி கெடுவதைவிடப் பெட்டிக்குப் போகும் பின்களும் ஏர்த் முனைகளும் கெடுவதே அதிகம்.

ஆகவே உங்கள் காரில் பார்க்க வேண்டிய வரிசை இது. செக் என்ஜின் விளக்கு திறப்பைத் திருப்பியதும் எரியவில்லை, என்ஜின் பிடிக்கவில்லை, ஸ்கேனரோடு என்ஜின் பெட்டி பேசவில்லை. மூன்றும் சேர்ந்து வரும்போது முதல் சந்தேகம் பெட்டிக்கு மின்சாரம் போகிறதா என்பதே. என்ஜின் அறையில் உள்ள பியூஸ் பெட்டியைத் திறந்து, ஈ.எப்.ஐ என்று எழுதப்பட்ட பியூஸையும் ரிலேயையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போதாது; திறப்பு திருப்பிய நிலையில் அதன் இரு முனையிலும் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். ரிலேயின் கால்களில் பச்சை படிந்திருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

அது சரியாக இருந்தால், ஸ்டியரிங்கின் கீழே உள்ள 16 பின் சொக்கெட்டுக்கு வாருங்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு, மேல் வரிசையின் 6ஆம் பின்னுக்கும் அதற்கு நேர் கீழே உள்ள 14ஆம் பின்னுக்கும் இடையில் தடையை அளக்க வேண்டும். வலையின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இருப்பதால், நல்ல நிலையில் 60 ஓம் அளவில் காட்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. டொயோட்டாவில் அந்த முனைகளில் ஒன்று பெரும்பாலும் என்ஜின் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், அதற்குப் போகும் வயரைத் தேடலாம். பூச்சியத்துக்கு அருகில் காட்டினால் இரண்டு வயர்களும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதற்குப் பின்னும் காரணம் தெரியாவிட்டால், பெட்டி சென்சர்களுக்குக் கொடுக்கும் 5 வோல்ட்டைப் பார்க்க வேண்டும். ஒரு சென்சரோ அதன் வயரோ ஷோர்ட் ஆகி அந்த 5 வோல்ட்டை இழுத்துவிட்டால், பெட்டி செத்ததுபோலவே நடக்கும். சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது விளக்கு திடீரென்று எரிந்தால் குற்றவாளி அந்தச் சென்சர்.

எல்லாம் பார்த்தும் பெட்டிதான் என்று உறுதியானால், கடைக்குப் பெயரைச் சொல்லாதீர்கள், இலக்கத்தைச் சொல்லுங்கள். டொயோட்டாவின் பாக இலக்கம் ஐந்தும் ஐந்துமாக இரண்டு பகுதியாக எழுதப்படும். முதல் ஐந்து எந்தப் பொருள் என்பதைச் சொல்லும்: 89661 என்றால் என்ஜின் பெட்டி, 89650 என்றால் மின் ஸ்டியரிங் பெட்டி, 89170 என்றால் மேலே சொன்ன எயார்பேக் பெட்டி. அடுத்த ஐந்து எந்தக் காருக்கு, எந்த வகைக்கு என்பதைச் சொல்லும். கொரோல்லா குடும்பத்துக்குப் பெரும்பாலும் 12 என்று தொடங்கும், பிரியஸுக்கு 47. ஹொண்டாவில் என்ஜின் பெட்டி 37820, நிசானில் 23710, சுசுகியில் 33920. ஈ.சி.எம் என்று எழுதினாலும் பி.சி.எம் என்று எழுதினாலும் கம்பியூட்டர் என்று சொன்னாலும் இந்த முதல் இலக்கங்கள் மாறுவதில்லை. பெட்டியின் தாளில் இன்னொரு இலக்கமும் இருக்கும். அது பெட்டியைச் செய்து கொடுத்த டென்சோ அல்லது புஜித்சு டென் நிறுவனத்தின் சொந்த இலக்கம். கடைக்காரர் சொல்வது எந்த இலக்கம் என்று கேட்டு, பத்து இடங்களும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடைசி இரண்டு இடங்கள் மட்டும் மாறினாலும், அது இரு சக்கர இழுப்புக்கும் நான்கு சக்கர இழுப்புக்கும், அல்லது ஒரு கியர் வகைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடாக இருக்கலாம்.

இலக்கம் ஒத்துப்போன பெட்டியும் பொருத்தியவுடன் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இமொபிலைசர், அதாவது பதிவான திறப்பு இல்லாமல் என்ஜினை இயங்கவிடாத திருட்டுத் தடுப்பு உள்ள காரில் பழைய பெட்டிக்கும் திறப்புக்கும் இடையே ஒரு இரகசிய இணக்கம் பதிவாகியிருக்கும். புதிய பெட்டிக்கு உங்கள் திறப்பு அந்நியம். அதைப் பதிவு செய்து தர வேண்டும், அல்லது பழைய பெட்டியின் நினைவகத்தில் உள்ளதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். கராஜில் இதை ஒருவர் கோடிங் என்பார், ஒருவர் புரோகிராமிங் என்பார், ஒருவர் வெறுமனே ரீசெட் என்பார். ரீசெட் என்பது பெரும்பாலும் குறியீட்டை அழிப்பது மட்டுமே. எனவே விலை பேசும்போது, திறப்பைப் பதிவு செய்து காரை ஓட்டிக் காட்டுவது அந்த விலைக்குள் அடங்குமா என்று கேட்டு, பற்றுச்சீட்டில் பெட்டியின் முழு இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். உங்கள் பழைய பெட்டியை, அது செத்ததே என்றாலும், கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். திறப்பின் பதிவை எடுக்க வேண்டி வந்தால் தேவைப்படப்போவது அதுதான்.